கொட்டாஞ்சேனையில் 2009

1. ஞாயிறு: ஸ்டெல்லா அன்ரியின் பழைய போன், சார்ஜில் இருந்தபடியே அணைந்தது. பிறகு உயிர் வரவில்லை.
2. திங்கள்: அன்ரி பற்றரியைக் கழற்றி, ஊதி, திரும்பப் போட்டார். மூன்று தரம்.
3. செவ்வாய்: கோவிலில் சாவிக்கொத்து, லைசென்ஸ், பாஸ்போட் என்று ஆளுக்கொன்றாக நீட்டிக்கொண்டிருந்த வரிசையில் அன்ரி போனை நீட்டினார். ஆசீர்வாதம் உள்ளேயும் படட்டும் என்று பின்மூடியைக் கழற்றிவிட்டு நீட்டினார். ஃபாதர் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார்.
4. புதன்: போன் அரிசி வாளிக்குள் கிடந்தது.
5. வியாழன்: தெருமுனைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, மியூசியத்தில் கொடுக்கச் சொன்னார்.
6. வெள்ளி: அன்ரி என் அம்மாவுக்கு அழைத்தார். "உன்ட மகள் இதைத்தானே படிச்சவள்?"
7. சனி, 2026 பெப்ரவரி 7: நான் வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். உறவினர்களுக்கும் அம்மாவின் சிநேகிதிகளுக்கும் அதன் பொருள், போன் திருத்தத் தெரிந்தவள் என்பது. வழக்கமாக யாராவது கேட்டால் நழுவிவிடுவேன். இந்த முறை நழுவவில்லை. அந்தப் போனுக்குள் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

அன்ரியின் கணவர் பெனடிக்ட் அங்கிள், துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். எழுத்துப் பலகை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும் அந்த ஸ்மார்ட்போனை, அப்படியொன்றை எங்களில் யாரும் கண்டிராத காலத்தில், 2008இல் வாங்கினார். ஒருநாள் அதில் தன் குரலைப் பதிந்து அலாரமாக வைத்தார். 2011இல் இறந்துபோனார். அன்றிலிருந்து போன வாரம்வரை, அதிகாலை நாலே முக்காலுக்கு அன்ரியை எழுப்பியது அந்தக் குரல்தான். போனில் சிம்கூட இல்லை. அலாரம் மட்டும்தான்.

காலை 8.10. காலி வீதியில் 155ஆம் இலக்க பஸ். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் எங்கள் தெருவில் கனடாவுக்கு நாலு தரம் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்; கொட்டாஞ்சேனைக்கு ஒரு தரமும் போகாதவர்கள் அவர்களைவிட அதிகம்.

"நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ட!" முன்னுக்குப் போகச் சொல்லி கண்டக்டர் கத்தினார். முன்னுக்கு இடமே இல்லை. என் நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு மீதியை மறந்துவிட்டார். பம்பலப்பிட்டியில் கேட்டேன், "தெனவா, தெனவா" என்றார். மருதானையில் கேட்டேன், அப்போதும் தருகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற பெண் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த மல்டிமீற்றரைக் காட்டி, "பிறெஷர் பாக்கிறதா மிஸ்?" என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

9.25. கொட்டாஞ்சேனை. இறங்கினால் ஒரு பக்கம் மணியோசை, மறுபக்கம் கொத்துரொட்டிக் கடையில் கல்லைச் சுரண்டும் சத்தம். காற்றில் உப்பு உண்டு, கடல் கண்ணில் படாது. வெள்ளவத்தையில் ரயில்பாதையைத் தாண்டினால் கால் நனைந்துவிடும். இங்கே கடலுக்கு முன்னால் துறைமுகத்து மதில் நிற்கிறது. அதற்கு மேலே பாரந்தூக்கிகளின் கழுத்துகள் மட்டும் தெரிகின்றன.

அன்ரியின் ஃபிளாட் மூன்றாம் மாடி. போன் மேசையில், துவாயை விரித்து அதன் மேல் வைக்கப்பட்டிருந்தது.

"வா மகள். சாப்பிட்டியா? முதல்ல தேத்தண்ணி குடி. பிறகு பார்."

"பாத்திட்டுக் குடிக்கிறன் அன்ரி."

"நான் மூடியைக் கழட்டினதாலதான் இது செத்ததெண்டு உன்ட அம்மா சொல்றா. அப்பிடியா?"

"ஞாயிற்றுக்கிழமையே நிண்டிட்டுது. தீர்த்தம் பட்டது செவ்வாய்க்கிழமை."

"அதைக் கொம்மாவுக்கு ஒருக்காச் சொல்லு. காலமையிலயிருந்து சிரிக்கிறாள்."

சார்ஜரை அளந்தேன், சரியாக இருந்தது. பற்றரியை மேசையில் வைத்து விரலால் சுண்டினேன். பம்பரம்போலச் சுற்றியது. நல்ல பற்றரி தட்டையாகக் கிடக்கும், சுற்றாது. இது நடுவில் வீங்கியிருந்தது. இதை இன்னும் சார்ஜில் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கவும் கூடும். போனின் பித்தளை முனைகளில் பச்சைப் பாசிபோல ஒன்று. மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்து, அழிறப்பரால் தேய்த்தேன். இடுக்கில் சிக்கியிருந்த ஒரு குறுணி அரிசியை ஊசியால் எடுத்தேன்.

"அன்ரி, அலாரத்தில அங்கிள் என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன். சின்ன வயதில் அந்தப் போனில் நான் பாம்பு விளையாடியிருக்கிறேன். அந்தப் பதிவை மட்டும் கேட்டதில்லை.

"'ஸ்டெல்லா, எழும்பு, தண்ணி நிக்கப்போகுது.' அவ்வளவுதான். பழைய வீட்டில அஞ்சு மணிக்கெல்லாம் பைப்பில தண்ணி நிண்டிடும். இஞ்ச தண்ணி நிக்கிறதே இல்லை." அன்ரி துவாயின் மூலையை நீவினார். "நான் உடன நிப்பாட்ட மாட்டன். ஸ்னூஸை அமத்துவன். பத்து நிமிசம் கழிச்சுத் திருப்பிக் கூப்பிடுவார். இந்தக் கிழமை முழுக்க நாலே முக்காலுக்குத் தானா முழிப்பு வருது மகள். வந்து என்ன? ஒரு சத்தமுமில்லை."

11.00. வேறு பற்றரி வேண்டும். ஓட்டோ பிடித்து மாளிகாவத்தைக்குப் போனோம், நானூறு ரூபா. பழைய போன்களைக் குவியலாகப் போட்டு விற்கும் சந்து அது. நாலாவது கடைக்கார நானா பற்றரியைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"இதுட பெற்றரி இப்ப வாறல்ல தங்கச்சி. புதுசு ஒண்டு எடுங்களே. கெமராவும் நல்லம்."

"எனக்குக் கெமரா வேணாம் நானா. என்ட மனுசன் இதுக்குள்ள இருக்கிறார்," என்றார் அன்ரி.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "குரல்," என்றேன்.

அவர் ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். நானும் அவரும் அரை மணி நேரம் கிளறினோம். திரை நொறுங்கிய அதே மொடல் ஒன்று அகப்பட்டது. அதன் பற்றரியைச் சுண்டினேன். சுற்றவில்லை. அளந்தேன்: 3.4 வோல்ட். கழிவில் கிடந்த சாமானுக்கு அது நல்ல அளவு. "ஐந்நூறு தாங்க," என்றவர், அன்ரி காசை எண்ணும்போது, "சரி, முந்நூறு," என்றார்.

12.40. ஃபிளாட்டுக்குத் திரும்பி, பற்றரியைப் போட்டுச் சார்ஜில் வைத்து, காத்திருந்து, பொத்தானை அமத்தினேன். திரை வெளித்தது. அன்ரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பதிவு இருந்தது. ஆறு செக்கன். ஒரு பிரதியை என் மடிக்கணினிக்கு எடுத்தேன்.

"போட்டுப் பாப்பமா?"

"வேணாம்." அன்ரியின் கை என் கையைப் பிடித்தது. "மத்தியானத்தில எழும்பு எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது? காலமை கேக்கிறன்."

பற்றரி இல்லாமல் கிடந்த போனுக்கு நாள் மறந்திருந்தது. திகதி கேட்டு, 2008 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டு நின்றது. 2026 என்று திருத்தப் போனேன்.

"இது வாங்கின வருசமெல்லோ," என்றார் அன்ரி. "அதை அப்பிடியே விடேலாதா?"

விடலாம். ஆனால் கிழமை பிழையாகிவிடும். அங்கிள் அலாரத்தை ஞாயிறு தவிர்த்துத்தான் வைத்திருந்தார். அந்த ஒரு நாள் மனைவி உறங்கட்டும் என்று. கிழமை மாறினால் ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட்டு வேறொரு நாள் பேசாமல் இருப்பார். இதை விளக்கினேன். அன்ரி தலையாட்டினார். ஆனால் கண் 2008ஐ விட்டு அகலவில்லை.

என் போனில் பழைய நாட்காட்டிகளைத் தேடினேன். 2026இன் ஒவ்வொரு திகதியும் 2009இல் அதே கிழமையில் வருகிறது. பெப்ரவரி 7, சனி. இரண்டிலும்.

"2009 எண்டா சரியா அன்ரி?"

"2009இல அவர் இருந்தவர்தானே," என்றார். பிறகு தேநீர் ஊற்றப் போனார். ஊற்ற அவ்வளவு நேரம் எடுக்காது.

3.30. திரும்பும் பஸ். மறுநாள் ஞாயிறு, அலாரம் இல்லாத நாள். அதனால் திங்கட்கிழமைக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தோம்: ஒலித்தால் லேண்ட்லைனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்கோல், ஒலிக்காவிட்டால் முழுக் கோல். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாரந்தூக்கிகள் கடைகளுக்குப் பின்னால் மறைந்தன. இந்த வருடம் முடியும்போது அந்தப் போனில் 2009 முடியும் என்று கணக்குப் பார்த்தேன். 2027க்கு 2010 பொருந்துகிறது. அதற்கு அடுத்தது 2011, அங்கிள் போன வருடம்.

திங்கட்கிழமை நாலரைக்கே விழித்துவிட்டேன். நாலே முக்கால் ஆனது. ஐந்து ஆனது. வெள்ளவத்தையில் முதல் ரயில் போனது, கடல் கேட்டது. என் போன் சும்மா கிடந்தது. மிஸ்கோல் வந்தபோது மணி ஐந்தரை. ஒரே ஒரு தரம் ஒலித்து நின்றது. நாலே முக்காலிலிருந்து பத்துப் பத்து நிமிடமாக எண்ணிப் பார்த்தேன்: அங்கிள் ஐந்து தரம் கூப்பிட்டிருப்பார்.

இப்போதைய நிலை: போன் வேலை செய்கிறது. பற்றரி ஒரு சார்ஜுக்கு இரண்டு நாள் தாங்குகிறது. வீங்கியதை நான் எடுத்து வந்துவிட்டேன். பிரதி என் கணினியில் இருக்கிறது. இன்னும் திறந்து கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில், இது 2009. அடுத்த வருடம் முடிவதற்குள் நான் ஒருமுறை அங்கே போய், போனில் 2011 வருமுன் வருடத்தைப் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.