ஆல்ட்டோ தாளில் இருந்த பெயர்

நான் முதன்முதலில் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு இன்றைக்கும் ‘பாரம்பரியப் பாடல்’ என்றுதான் சுற்றுகிறது. கன்டோன்மென்ட் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையிலேயே, நான் பாடகர் குழுவில், அதான் கொயரில், நிற்கும்போதே, அப்படி அறிவித்தார்கள். தினமும் பஸ் பிடித்து ஆபீஸ் போய்வருகிற பொம்பளை எப்படிப் பாரம்பரியம் ஆவாள்? கேட்டால், “யார் எழுதினா என்னக்கா, மகிமை ஆண்டவருக்குத்தானே” என்பார்கள். மகிமை அவருக்கே ஆகட்டும். பாட்டு என்னுடையது.

அடுத்த பாட்டை எழுதி முடித்தபோது சூடு கண்ட பூனையாக இருந்தேன். பாட்டுப் புத்தகத்தில் என் பெயரோடு அச்சாகும்வரை முழு இசைக்குறிப்பும், அந்த நொட்டேஷன், யார் கைக்கும் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்களுக்கும் தனித்தனித் தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் அதை வாங்குகிறவரின் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்தேன். தாள் வெளியே போனால் யார் கை வேலை என்று தெரிந்துவிடுமே! ஆபீஸில் ரகசிய ஃபைல்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

“என்னக்கா, பரீட்சைக் கேள்வித்தாளா?” என்று டெனர் பாடுகிறவர்கள் கிண்டலடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். பயிற்சி முடிந்ததும் தாள்களைத் திரும்ப வாங்கி வைத்தேன். ஆல்ட்டோ பாடும் ஆன்ட்டி ஒருவர் மட்டும், “வீட்ல பழகணும்மா, அடுத்த வாரம் தர்றேன்” என்று பைக்குள் வைத்துக்கொண்டார். பெரியவர், மறுக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து, ஆபீஸ் தோழி கூப்பிட்டாள் என்று பொம்மனஹள்ளியில் அவளுடைய சபைக்குப் போனேன். ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு ஹால். கீபோர்டு, டிரம்ஸ், கைதட்டல். நடுவில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. வார்த்தைகள் என்னுடையவை. மெட்டு மட்டும் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது, பிடிபடவில்லை. இரண்டாவது வரியில்தான் உறைத்தது. அடப்பாவிகளா, ஆல்ட்டோவைப் பாடுகிறார்கள்!

நாலு குரல் பாட்டில் மெட்டு சொப்ரானோவிடம் இருக்கும். ஆல்ட்டோ அதற்கு அடியில் நின்று தாங்குகிற குரல். தனியாகக் கேட்டால் வெறும் முனகல். அந்த முனகலுக்கு அங்கே சனம் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. திரையில் ‘பாடல், இசை’ என்று போட்டு, பக்கத்தில் எங்கள் ஆன்ட்டியின் பெயர்.

வெளியே வந்த கையோடு அவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “அந்தச் சபைக்குப் போற தங்கச்சி மக கேட்டாளேன்னு போட்டோ எடுத்து அனுப்பினேம்மா. நான் எழுதினேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எம் பேர அதுல போட்டது நீதானே?” என்றார். அந்தத் தாளில் இருந்த ஒரே பெயர் அவருடையது. எழுதியவள் யார் என்று கொயருக்குத் தெரியாதா என்ன என்று, என் பெயரை நான் எங்கேயும் போடவில்லை.

முழு நொட்டேஷனிலும் பக்கத்துக்குப் பக்கம் என் பெயரை அடித்து எடுத்துக்கொண்டு மறுபடியும் பொம்மனஹள்ளிக்குப் போனேன். பாட்டு நடத்துகிற தம்பி கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார். “ஐயோ, ஸாரிக்கா! இந்த வாரமே பேர மாத்திடறோம்.” அவருடைய கீபோர்டிலேயே சொப்ரானோ மெட்டை வாசித்துக் காட்டினேன். மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எங்க சனத்துக்கு அந்த ராகம் மனசுல ஒட்டிக்கிச்சு. அதையே உங்க பேர்ல பாடிக்கிறோம். சரிங்களா?”

நான் கேட்க வந்தது பெயரைத்தான். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அனுப்பினார். திரையில் என் பெயர், ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல். ஹால் முழுக்கக் கைதட்டி அந்த முனகலைப் பாடிக்கொண்டிருந்தது. ‘உங்க பாட்டுக்கா’ என்று கீழே போட்டிருந்தார். அது என் பாட்டு இல்லை என்று இனி எந்த வாயால் சொல்வேன்?