மூன்றாம் படியில் நின்ற ரோபோ

எழுபத்தெட்டாவது வயதில் நான் ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தது பொழுது போகாததால் அல்ல. என் மகளிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அதை ஒப்புக்கொள்வதற்கு முன், அவளிடமிருந்து எதை எடுத்தேன் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அது நவராத்திரியின் நான்காம் நாள். பம்பாயில் இதே மாட்டுங்கா வீடு. அவளுக்குப் பதினைந்து வயது. கொலுவின் மூன்றாம் படியில், தசாவதார செட்டுக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவே, ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் ரோபோவை நிறுத்தியிருந்தாள். மேல் மாடித் தோழி கொடுத்தது. தோழியின் மாமாவுக்குக் கப்பலில் வேலை; அவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் அது துண்டு துண்டாக இருந்தது. இரண்டு பெண்களும் ஒரு மாதம் உட்கார்ந்து பொருத்தினார்கள். இடது தோளுக்கு என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சு. "இருந்துட்டுப் போட்டுமே, அதுவும் பொம்மைதானே" என்றாள் என் மனைவி.

அன்று சாயங்காலம் என் மேலதிகாரியின் மனைவி வெற்றிலை பாக்குக்கு வருவதாக இருந்தது. டிராம்பே ஆபீஸில் எனக்கு அப்போது பதவி உயர்வுக் காலம். ராமாவதாரத்தின் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த இயந்திரம் நிற்பது எனக்கு வெட்கமாக இருந்தது. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. பழைய பேப்பர் எடுக்கும் ரத்திவாலா வந்தான். என் கையில் இருந்த ரோபோவைப் பார்த்து, "சாப், யே பீ?" என்றான், இதையுமா என்பது போல. தலையாட்டினேன்.

கொலுவில் வைத்ததை விஜயதசமி ராத்திரி படுக்க வைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும். நடுவில் எடுக்கக் கூடாது என்று அடுத்தவர்களுக்குச் சொல்கிற ஆள் நான்.

டியூஷன் முடிந்து வந்தவள் படியைப் பார்த்தாள். "அப்பா, என் ரோபோ எங்கே?"

"சுண்டலுக்கு வந்த குழந்தைகள் யாராவது எடுத்திருக்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மேல் வீட்டுப் பொண்ணுகூட வந்துட்டுப் போனாளே" என்றும் சேர்த்தேன். அவள் வரவேயில்லை. அந்த வாரம் இருவருக்கும் ஏதோ சின்னச் சண்டை என்பது எனக்குத் தெரியும். கொடுத்தவளே திரும்ப எடுத்துக்கொண்டாள் என்று என் மகள் நம்பினாள். அதன்பிறகு அவர்கள் பேசவில்லை. அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது.

போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னை நிறுத்தினாள். நாற்பதை நெருங்குகிற முகம். மேல் வீட்டுப் பெண்.

"அங்கிள், அவ எப்படி இருக்கா? இன்னும் என் மேல கோவமா? நான் என்ன பண்ணேன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை."

தன் நம்பரைக் கொடுத்தாள். பூவை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

என் மகள் இப்போது திலக் நகரில் இருக்கிறாள். என் மனைவி போன பிறகு ஞாயிறுதோறும் போன் செய்வாள். மூன்று கேள்விகள்: மாத்திரை போட்டுண்டியா, சாப்பிட்டியா, பி.பி. பாத்தியா. அவளிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். ஆனால் "ஒரு பொம்மையைத் தூக்கிப் போட்டேன்" என்று சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும் என்று தோன்றியது.

அந்த ரோபோ வருகிற கார்ட்டூன் கதையைத் தேடினேன். ஒரு தொடர் இல்லை, நாற்பது வருஷங்களுக்கு மேலாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். தொடர்கள், சினிமாக்கள், கதைக்கென்றே தனியாக ஓர் ஆண்டுக் கணக்கு. ஆபீஸ் புத்தி போகுமா? கோடு போட்ட நோட்டில், கதையில் எந்த ஆண்டு முதலில் வருகிறதோ அந்த வரிசையில் பட்டியல் போட்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். மூன்று நாள் தலைகால் புரியவில்லை. யாரோ வருகிறான், எல்லோரும் திடுக்கிடுகிறார்கள், எனக்கு மட்டும் அவன் யாரென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கேள்விகளும் முடிந்ததும் அவளிடமே கேட்டேன்.

"நீயா? ரோபோ பாக்கறியா? அப்பா, ஜுரம் கிரம் இருக்கா?"

"எதுலேருந்து பாக்கணும், அதைச் சொல்லு."

"அரே, எது மொதல்ல வந்துதோ அதான் மொதல்ல. பின்னாடி எடுத்ததெல்லாம் நமக்குக் கதை தெரியும்னு நெனச்சு எடுத்தது. படம் பழசா இருக்கும், கோடெல்லாம் ஆடும். பாதில விட்டுடாதே."

"விடமாட்டேன்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சிரித்தாள். அவள் என்னிடம் சிரித்து எத்தனை நாளாயிற்று!

தினம் மூன்று பகுதிகள். காட்டராக்ட் ஆபரேஷன் செய்த கண்ணுக்கு, படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்து பிடிபடாது. வரிக்கு வரி நிறுத்திப் படித்தேன். இருபது நிமிஷப் பகுதிக்கு ஒரு மணி நேரம் ஆனது. எதிரியை அடித்து நொறுக்கும் வேடிக்கை என்று நினைத்திருந்தேன். ரோபோவுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற பிள்ளைகள் சண்டை முடிந்து கீழே இறங்கி வாந்தி எடுக்கிறார்கள், அழுகிறார்கள். ஜெயித்த ஊரில் வீடுகள் இல்லை.

அவளுடைய ரோபோவையும் கண்டுபிடித்தேன். அது கதாநாயகனுடையது இல்லை. எதிர்ப்படையின் சாதாரணச் சிப்பாய் ஓட்டுவது. வருகிறது, வெடிக்கிறது, அடுத்தது வருகிறது. ஓட்டியவனுக்குப் பெயர்கூடச் சொல்வதில்லை.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை காலை நானே கூப்பிட்டேன்.

"உன் ரோபோ எதிரியோடதுன்னா? ஏன் அதைப் போய் வெச்சே?"

"ஹீரோவோடதை எல்லாரும் வெச்சுப்பா. அதுக்குள்ளயும் ஒருத்தன் உக்காந்திருக்கானே. அவனுக்கும் ஆத்துல அம்மா இருப்பா இல்லையா? அம்மாகிட்ட சொன்னேன், சரின்னா." சட்டென்று நிறுத்தினாள். "அது எப்படி இருக்கும்னு உனக்கு ஞாபகமிருக்கா? நீ அதை ஏறெடுத்தும் பாக்கலையே."

"கையில எடுத்துப் பாத்தேன். ரத்திவாலாகிட்ட போட்டது நான்தான். மேல் வீட்டுப் பொண்ணு அன்னிக்கு நம்மாத்துக்கு வரவே இல்லை. மார்க்கெட்ல அவளைப் பாத்தேன், நீ இன்னும் கோவமா இருக்கியான்னு கேட்டா."

அவள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

"அவ நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு."

"அனுப்பு. உன்கிட்ட அப்புறம் பேசறேன். இப்ப முடியாது."

அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டேன், சாப்பிட்டேன், பி.பி. பார்த்தேன், மூன்று பகுதிகளும் பார்த்தேன்.

நேற்று ஒரு செய்தி வந்தது. எழுத்து எதுவும் இல்லை, போட்டோ மட்டும். ஒரு ஓட்டலில் இரண்டு பெண்கள், நடுவே இரண்டு பில்டர் காபி. என் மகளின் முகம் அழுது முடித்த முகமாக இருந்தது. கொஞ்சம் கழித்து ஒரு வரி: "எந்த எபிசோட்ல இருக்கே?"

நம்பரை எழுதி அனுப்பினேன். இன்னும் ஒன்பது பாக்கி. பாதியில் விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.