சுவரைத் தொடாத சாரம்

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் தாழப் பறந்துகொண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் சக்கரங்கள் வெளியே நீட்டியிருப்பதுகூடத் தெரியும். விமான நிலையம் அத்தனை பக்கம். ஆனால் அப்பா மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். அவருடைய விமானமும் இந்த வழியாகத்தானே இறங்குகிறது, அப்படியே அவரை நம் மொட்டை மாடியில் இறக்கிவிட்டால் என்ன என்று ஐந்து வயதில் நான் அம்மாவிடம் கேட்டேனாம். "எறக்கிவுட்டா அங்கியே கெடக்க வேண்டிதான். கீழ வர்றதுக்குப் படி எங்க கீது?" என்றாளாம் அம்மா.

அது உண்மை. எங்கள் வீட்டில் மாடிக்குப் படி கிடையாது. வாங்கும்போதே பழைய வீடு. இரண்டு அறையும் ஒரு சமையலறையும். படியை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று இருந்த நேரத்தில் அப்பாவுக்கு கத்தார் விசா வந்துவிட்டது. அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனார். அதற்குப் பிறகு இரண்டு லீவுகள் வந்து போய்விட்டன. லீவு நாட்கள் கல்யாண வீடுகளுக்கும் பல் வலிக்கும் ரேஷன் கார்டுக்குமே சரியாக இருந்தன.

கத்தாரில் அப்பாவுக்குச் சாரம் கட்டும் வேலை. உயரமான கட்டடங்களுக்கு வெளியே இரும்புக் குழாய்களை அடுக்கி, முடுக்கி, பூச்சு வேலைக்காரர்களும் கண்ணாடி மாட்டுகிறவர்களும் நிற்பதற்குத் தளம் அமைப்பது. கட்டடம் முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் அவரை என்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் கார்த்திகை மாதத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. காலையில் தெருவில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் மத்தியானத்துக்குள் கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டது. அம்மா என்னைத் தூக்கிச் சமையலறைப் பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார வைத்தாள். அவள் மேசையைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டாள். அப்போதுதான் அப்பா போன் செய்தார். "தண்ணி மேசைக்கு மேல வந்துடிச்சிங்க. மேல போவ வழி இல்ல" என்று அம்மா சொன்னாள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு நாள் எந்த போனும் வேலை செய்யவில்லை.

மறுநாள் மத்தியானம் எங்கள் சந்துக்குள் ஒரு படகு வந்தது. கோவளத்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்த நீலப் படகு. அதிலிருந்து ஓர் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் அழுததைப் பார்த்து, "இதுக்கே அழுவுறியே. கோவளத்துக்கு வா, நல்ல தண்ணியா காட்டுறேன்" என்றார். எனக்கு அது பெரிய அழைப்பாகப் போய்விட்டது. போன் சரியானதும் நான் அப்பாவிடம் முதலில் சொன்னது அதைத்தான். "வந்ததும் கூட்டினு போறேன் பாப்பா" என்றார். அவர் குரல் ஜலதோஷம் பிடித்தது போல இருந்தது.

மே மாதம் ஒரு மாத லீவில் அப்பா வந்தார். பெட்டியைத் திறந்ததும் சாக்லேட்டுக்கு மேலே ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும், இடுப்பில் மாட்டும் பெல்ட்டும், ஒரு நீளமான ஸ்பேனரும் இருந்தன. அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, "ஏங்க, வேலைய அங்க வுட்டுட்டு வரலியா?" என்றாள். மேலே தண்ணீர் தேங்கி ஒழுகுகிறது, ஏறிப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. ஒழுகியது வாஸ்தவம். ஆனால் ஆறு வருஷமாக ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

தெருக்கோடியில் இருந்த கொத்தனாரை வரவழைத்தார். கொத்தனார் பக்கச் சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரே மாடி ஒசரம். செவுத்துல நாலு ஓட்ட போட்டு கட்டைய சொருவினா அர மணி நேரத்துல ஏறிடலாம்" என்றார்.

அப்பா சுவரில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஆறு மாத வெயிலுக்குப் பிறகும், ஈர பிஸ்கட் மாதிரி பூச்சு உள்ளே போனது.

"மேலேர்ந்து எறங்குற பாரத்த இது தாங்கிக்கும். பக்கத்துலேர்ந்து ஒண்ணு தள்ளிச்சின்னா தாங்காது" என்றார்.

"அப்ப ஏணி வெச்சுக்கோ சார்."

"ஏணியும் செவுத்து மேலதான சாயும்? செவுத்த தொடாமதான் ஏறணும்."

கொத்தனார் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்கொப்பா பறந்துதான் போவப் போறாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு அப்பா என்னையும் கூட்டிப் போனார். பழைய இரும்பு விற்கும் இடத்தில் ஒவ்வொரு குழாயாக எடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு தொலைநோக்கி மாதிரி கண்ணில் வைத்து உள்ளே பார்த்தார். எனக்கும் காட்டினார். குழாய்க்கு அந்தப் பக்கம் சந்தை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கிளிக்கூண்டு. வளைவு இருந்தால் கிளி தெரியாது, கிளி தெரியாத குழாய் வேண்டாம் என்றார். அன்றைக்குக் கிளியைப் பார்த்துப் பார்த்தே இருபது குழாய்களுக்கு மேல் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்த நாள் வேலை தொடங்கியது. தரை இன்னும் பொதபொதவென்று இருந்ததால் கனமான பலகைகளைப் பதித்து அவற்றின்மேல் கால்களை நிறுத்தினார். நான்கு கால்கள், அவற்றுக்குக் குறுக்கே சாய்வுக் குழாய்கள். சுவரில் சாயாமல் தானே நிற்க வேண்டும் என்பதால், மற்ற மூன்று பக்கமும் அகன்று ஊன்றிய துணைக்கால்கள் வேறு. குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் நான் கையை விட்டு மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும்; எதிலும் இடிக்கக் கூடாது. வெயிலில் குழாய்கள் தோசைக்கல்லாகக் காய்ந்தபோது குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலை செய்தார்.

பதினோரு அடி உயரத்துக்கு அவர் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு ஏறியது தெருவுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. பையன்கள் ராக்கெட் எப்போ கிளம்பும் என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. என் அவமானம் தெரியாமல் அப்பா எனக்கும் ஹெல்மெட்டை மாட்டிவிடுவார்; அது மூக்கு வரைக்கும் இறங்கி வியர்வை வாசனை அடிக்கும். அந்த வாசனைக்காக இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோவளம் வேண்டியிருந்தது. தாம்பரம் போய் அங்கிருந்து பஸ் மாற வேண்டும் என்பது வரை விசாரித்து வைத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம், "இத்த முடிச்சிடுறேன் பாப்பா" என்பார். லீவு கரைந்துகொண்டிருந்தது. அப்பா வீட்டில் இருந்தார். ஆனால் நான் அவரைப் பார்த்ததெல்லாம் கீழேயிருந்துதான். அவருடைய முகத்தைவிடக் குதிகால் வெடிப்புகள்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

கடைசியில் வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போகலாம் என்றார். அதற்குள் சனிக்கிழமை ஒரு நாள் வேலை பாக்கி இருந்தது. அந்த ஒரு நாளையும் அவர் இழுத்துவிடுவார் என்று எனக்குப் பயம். வேலையே செய்ய முடியாமல் போனால் சனிக்கிழமையே போய்விடலாம் அல்லவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து அரிசி டிரம்முக்குள் அடி வரைக்கும் புதைத்துவிட்டேன்.

காலையில் அப்பா தேட ஆரம்பித்தார். கட்டில் அடியில், மணல் குவியலில், சாக்கடையில்கூடக் கையை விட்டுத் தேடினார். சத்தம் போடாத மனிதர் அன்றைக்கும் சத்தம் போடவில்லை. மேல்படிகளின் பிடிப்புகளை இன்னும் முடுக்கவில்லை, யாரும் ஏறக்கூடாது என்று குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, வேறு ஸ்பேனர் வாங்கக் கிளம்பினார். அந்த அளவு இங்கே கிடைக்கவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. ரோடு கடைகள் எல்லாம் ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரி வரைக்கும் போனார். என் கோவளம் இப்படித்தான், என் சாமர்த்தியத்தாலேயே, ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்விட்டது.

திங்கட்கிழமை உலைக்கு அரிசி எடுக்கும்போது அம்மாவின் அளவுப் படி டிரம்முக்குள் ஏதோ இரும்பில் தட்டியது. அம்மா ஸ்பேனரை வெளியே எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன். அவள் நேரே அப்பாவிடம் போய், "அடுப்புக்குப் பின்னால கெடந்துச்சி" என்றாள்.

அப்பா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் வாயில் இரண்டு அரிசி சிக்கியிருந்தது. அதை ஊதிவிட்டு, "எடுத்தவங்க பத்திரமாதான் வெச்சிருந்திருக்காங்க" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நான் கத்தியாவது அழுதிருப்பேன்.

அன்றைக்கே எல்லாம் முடிந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, அகலமான பலகைப் படிகள். அப்பா மேலே ஏறி அடைத்துக்கிடந்த தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்து, தளத்தில் வெடிப்புகளைப் பூசினார். கொத்தனார் வந்து சுவர் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல சார்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "வேலதான் முடிஞ்சிடிச்சே, எப்ப பிரிக்கப் போற?" என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

அப்பா கத்தாருக்குக் கிளம்பும் நாள் வந்தது. விமானம் சாயங்காலம். காலையில் பெட்டி கட்டி முடித்ததும் அப்பா எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டார். அம்மா சமையலறையில் பரணுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். நான் அவள் பக்கத்தில். அவர் குரல் கொடுத்ததும் அங்கிருந்து ஓடி வந்து மாடிக்கு ஏற வேண்டும். அவர் செல்போனில் நேரம் பார்ப்பார். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஒரு மாதத்தில் அப்பா என்னுடன் விளையாடும் முதல் விளையாட்டு.

முதல் தடவை ஓடினோம். இரண்டாம் தடவை அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்றார். "ஒம்போது வயசுப் பொண்ணுங்க இவ. உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் அம்மா. ஆனாலும் தூக்கிக்கொண்டு ஏறினாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு. அம்மா கைப்பிடியைத் தடவித் தடவி ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் பின்னால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஏறினேன். மேலே போனதும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் திறக்காமலேயே கொஞ்ச நேரம் நின்றாள். இப்போது அவள் பைத்தியமா என்று கேட்கவில்லை.

"நாங்க ஜெயிச்சிட்டோமா?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"ஜெயிச்சிட்டீங்க" என்றார் அப்பா.

"நீயும் வாப்பா. மூணு பேரும் ஒண்ணா ஏறலாம்."

அவர் தரையில் நின்றபடியே தலையை ஆட்டினார். "வேணாம் பாப்பா. இது ரெண்டு பேருக்குதான்."

சாரம் மூன்று பேரின் எடையைத் தாங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆட்டோவில் ஏறும்போது அவர் என் தலையைத் தடவ வந்தார். கோவளத்துக்காக இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருந்ததால் நான் நகர்ந்துகொண்டேன். ஆட்டோ சந்து முனை திரும்பிய பிறகுதான் ஓடினேன்.

அந்த வருஷ ஐப்பசியில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அம்மா ஒரு பையையும் தார்ப்பாயையும் என்னையும் இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையுடன் கீழே வந்து நின்றாள். அவள் மாமனாரும் மாமியாரும் பின்னால். நான் மேலேயிருந்து, "யாரும் ஏறாதீங்க, இது ரெண்டு பேருக்குதான்" என்று கத்தினேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு இறங்கிப் போய் குழந்தையை வாங்கினாள். எதிர்வீட்டு நாற்காலிக்காரரும் வந்துவிட்டார். ஏழு பேர். சாரம் இம்மிகூட ஆடவில்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் முழங்கால் அளவோடு நின்று, மறுநாள் வடிந்துவிட்டது.

இந்த முறை போன் வேலை செய்துகொண்டிருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஏழு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது அப்பா கூப்பிட்டார். அம்மா, "மேலதான் கீறோம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்கு அவரிடம் சொல்வதற்கு முக்கியமான செய்தி இருந்தது.

"அப்பா, உன் கணக்கு தப்பு. ரெண்டு பேருக்குதான்னு சொன்னல்ல? ஏழு பேரு ஏறினோம், ஆடவே இல்ல. நீயும் ஏறியிருக்கலாம்."

அந்தப் பக்கம் பதில் இல்லை. அவர் கட்டியதைக் குறை சொல்லிவிட்டதில் கோபமோ என்று முதலில் நினைத்தேன். பிறகு லைன் போய்விட்டது என்று தோன்றியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலே, "ஹலோ, அப்பா, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.