டிரங்க் போர்டு அக்காவின் காது

ஹெட்செட்டைக் கழற்றும்போதெல்லாம் அக்காவின் முடி அதன் கம்பியில் சிக்கிக்கொள்ளும். நான்தான் எடுத்துவிடுவேன். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் மொத்தமும் கொட்டிப்போய், பிறகு முளைத்த முடி அது. முன்பு கோடு போட்டதுபோல் நேராக இருந்தது, இப்போது சுருள் சுருளாக வந்திருந்தது. "காசு குடுத்தாலும் இப்படி ஒரு சுருட்டை கிடைக்குமாடி?" என்பார். எண்பதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில், வெளியூர் போன்களைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் போர்டில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வலியசாலையிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் பிழைத்து வேலைக்குத் திரும்பிய அன்று செக்ஷன் முழுக்க உண்ணியப்பம் கொடுத்தோம். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

முடியவில்லை. மருந்து போகிற போக்கில் அவர் காதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. "காதுக்குள்ள ஒரு சீவீடு, அதான் சில்வண்டு, குடி வந்திருக்கு, கேட்டியா. ராத்திரி பகல் இல்லாம கத்தறது. காலி பண்ணவே மாட்டேங்கறது." ஆண்களின் கனத்த குரல் கேட்கும், பெண்களின் மெல்லிய குரல் நழுவிவிடும். "ஆம்பளைகள் பேசினா மட்டும் நன்னா கேக்கறதாக்கும்" என்று சீண்டுவேன். கெட்டது கெட்டதுதான், உயிர் கிடைத்ததே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அக்காவுக்கு நன்றியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாதா என்ன? இன்று நடுவில் ஆளே இல்லாமல் கைபேசியில் பேசிவிடுகிறோம். அன்று ஊரையும் ஊரையும் பேச வைத்தது அவர் கைதான். போர்டை விட்டு ஃபைல் கட்டும் செக்ஷனுக்குப் போவதை நினைத்தாலே முகம் சுண்டிவிடும். அதனால் காது விஷயம் மேலே யாருக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம் பம்பாயிலிருந்த கணவனிடம் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததா என்று அக்கா லைனில் காது கொடுத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. லைனை இணைக்கும் வயரை, நாங்கள் கார்டு என்போம், பிடுங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பம்பாய்க்காரர் எங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கத்தினார். குழந்தைக்கு ஜுரம் என்று அவர் மனைவி அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தாளாம். சூப்பர்வைசர் தங்கமான மனிதர். லைன் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார். எங்கள் ஊர் மழைக்கு யாராக இருந்தாலும் அதை நம்புவார்கள்.

அக்கா எழுந்து நின்றார். "லைனுக்கு ஒண்ணுமில்லை சார். என் காதுதான். நாளையிலேருந்து எனக்கு வேற செக்ஷன் தந்துடுங்கோ. இந்த ஒரு டிரங்க் காலை மட்டும் நானே போட்டுக் குடுத்துட்டுப் போறேன்."

போட்டார். என் ஹெட்செட்டையும் அதே லைனில் செருகச் சொன்னார். அந்தப் பெண் மறுபடி பேச ஆரம்பித்தாள். அக்காவுக்கு அவள் குரல் கேட்கவில்லை. கார்டின் மேல் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேசறாளா?" என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டார், திரும்பத் திரும்பத் தலையாட்டினேன். கடைசியில் அந்தப் பெண் சிரித்துவிட்டு போனை வைத்தாள். அவள் வைத்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.