முட்டுக் கொடுத்த வீடு

மணிமொழிக்கு முதலில் சந்தேகம் வந்தது உள்ளறைக் கதவின் மேல்தான். கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லையை ஒட்டிக் கட்டிய புது வீடு. பால் காய்ச்சிக் குடிவந்த சில வாரத்திலேயே கதவு பாதியில் இறுகி நின்றது. தச்சர் வந்து இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடியும் இறுகியது. அண்ணாந்து பார்த்தாள். கூடத்திலிருந்து உள்ளறை வரை குறுக்கே ஓடிய பீமின் நடுவில், புதுப் பெயின்ட்டையும் மீறி ஒரு விரிசல் தெரிந்தது.

வேறு யாராவது கட்டியிருந்தால் அன்றைக்கே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பாள். கோமுகி வாய்க்காலில் தன் முறைத் தண்ணீரை யாரோ திருப்பிவிட்டபோது, மண்வெட்டியோடு போய் மடையில் உட்கார்ந்துகொண்டவள் அவள். ஆனால் இந்த வீட்டைக் கட்டியவர் அரங்கநாதன், அவளுடைய ஒரே மகள் சுபஸ்ரீயின் மாமனார். கள்ளக்குறிச்சியில் பெயரெடுத்த மேஸ்திரி. "நம்ம வூட்ட நாமதான் கட்டணும்" என்று அவராகவே வந்து நின்றபோது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

விரிசலைக் காட்டியதும் அவர் சிரித்தார். "வெறும் பூச்சு வெடிப்பு சம்மந்திம்மா. இது இல்லாத வூடு எங்க இருக்குது? மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

மகள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். அவளைப் படுக்கவைக்க ஒழித்துவைத்ததும் அந்த உள்ளறைதான். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத்தான் இதை எழுப்பினார்கள். ஒதுங்க வேறு கூரை இல்லை.

"வெளியாளக் கூட்டியாந்து பாக்கலாங்க" என்றாள் கணவன் சின்னதுரையிடம்.

"அவுரு காதுக்குப் போச்சின்னா இன்னா ஆவும்னு யோசிச்சியா? பொண்ணு அங்க வாழுது."

"அந்தப் பொண்ணுதான இங்க வந்து படுக்கப் போவுது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அரங்கநாதனுக்குப் பழக்கமில்லாத இன்ஜினியர் ஒருவரை விசாரித்துப் பிடித்தாள் மணிமொழி. தமிழரசன் என்று பெயர். பீமின் அடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். ஓரிடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்ததும் உள்ளே காங்கிரீட் பொத்தல் பொத்தலாக இருந்தது. கம்பி வெளியே தெரிந்தது.

"அம்மா, இது பூச்சு வெடிப்பு இல்லீங்க. பீமே நடுவுல தொங்கிப் போயிருக்கு. மொதல்ல அடியில முட்டுக் குடுங்க. அப்புறம் கட்டுனவரையே கூப்புட்டுப் பலப்படுத்தச் சொல்லுங்க."

"அதுவரைக்கும் உள்ள படுக்கலாமா?"

"முட்டுக் குடுக்காம, நானா இருந்தா படுக்க மாட்டேன்."

இன்ஜினியர் கார் வந்துபோன சேதி கள்ளக்குறிச்சிக்கு எட்ட வெகுநேரம் ஆகவில்லை. மறுநாளே மகள் போன் செய்தாள். "யம்மா, இன்னா காரியம் பண்ணிட்ட? மாமா சாப்பாட்டுத் தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிட்டாரு. இவுரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறாரு. நல்லாருக்குதுன்னு நீயே சொல்லிடு."

மணிமொழியால் சொல்ல முடியவில்லை. பிரசவத்துக்கு வராதே என்றும் சொல்ல முடியவில்லை. தாய்வீடு கதவைச் சாத்திவிட்டது என்று ஊரே பேசும். அந்த நாட்களில் அடுப்பில் வைத்த சோற்றைக்கூட மறந்துவிட்டுப் பீமையே பார்த்து நின்றாள். வீட்டுக்குள் இருந்தால் தலைக்கு மேல் பயம். வெளியே போனால் புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள். இருக்கிற இடம்தான் பொருந்தவில்லை என்றால், போகிற இடமும் பொருந்தவில்லை.

வளைகாப்புக்கு முந்தின வாரம் ஒரு முடிவுக்கு வந்தாள். சவுக்குக் கம்பம் இறக்கி, கூடத்திலும் உள்ளறையிலும் பீமுக்கு அடியில் வரிசையாக முட்டுக் கொடுக்கச் செய்தாள். சின்னதுரையும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துவந்தபோது அரங்கநாதனும் கூடவே வந்தார். கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"யாரு வெச்சது இத?"

"நாந்தாங்க" என்றாள் மணிமொழி.

அவர் பீமை அண்ணாந்து பார்த்தார். பூச்சு கொத்திய இடத்திலேயே கண் நின்றது. முகம் கறுத்தது. "முட்டு நட்ட வூட்ல எம் மருமவள நான் வுட மாட்டேன். பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம். ஏறு பாப்பா வண்டியில."

சுபஸ்ரீ கை நிறைய வளையலோடு, அம்மாவை நிமிர்ந்தும் பார்க்காமல் திரும்பி நடந்தாள். மணிமொழி வாசல்வரை போனாள். தடுக்கவில்லை. வெறும் பூச்சு வெடிப்பாக இருந்தால் கம்பத்தைப் பிடுங்கச் சொல்லியிருப்பார்; மகளைத் திருப்பி அழைத்துப்போனதிலேயே, பீம் பலவீனம் என்பதை அந்த மனுஷன் ஒத்துக்கொண்டுவிட்டார் என்பது வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகள் இனி இந்தக் கூரைக்கடியில் படுக்க மாட்டாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. கூடவே அழுகையும் வந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். பார்க்கப் போனவளிடம் குழந்தையைக் கொடுத்தார்கள். சீக்கிரமே வாங்கியும் கொண்டார்கள். பீமைச் சரிசெய்ய அரங்கநாதன் வரவில்லை. வேறு ஆளை வைத்துச் செய்தால் அவரை ஊரறிய அவமானப்படுத்தியதாகும், மகள்தான் பாடுபடுவாள் என்று இவர்களும் கைவைக்கவில்லை. இன்றைக்கும் மணிமொழி அந்தக் கம்பங்களுக்கு இடையில் வளைந்து வளைந்துதான் கூடம் பெருக்குகிறாள்.