பெட்டிக்குள் எரிந்த பல்பு

சூடான பல்பின் மேல் தூசி கருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குச் செம்மேட்டுத் தேவாலயம் ஞாபகத்துக்கு வந்துவிடும். பீடத்துக்கு இடப்பக்கம் இருந்த பழைய ஆர்கனிலிருந்துதான், ஈர மரத்தின் நெடியோடு கலந்து, அந்த வாசனை வரும். காலால் மிதித்துக் காற்று ஏற்றினால்தான் பாடும் என்பதால் சந்தைக்கு வருகிறவர்கள் அதற்கு "மிதிப்பொட்டி" என்று பெயர் வைத்திருந்தார்கள். கொல்லிமலைப் பனியில் அதன் கட்டைகள் ஊறி, அழுத்தினால் எழும்பாமல் படுத்துக்கொள்ளும் என்பதால் பெட்டிக்குள் ஒரு நாற்பது வாட் பல்பு எரிய வேண்டும். அதன் பிளக்கும் சுவிட்சும் பக்கத்துச் சுவரின் அடியில் இருந்தன. வாசிக்க உட்காரும்போது அணைத்து, எழுந்திருக்கும்போது போட்டுவிட வேண்டும். கடைசியாக வாசிக்கிறவரின் வேலை அது.

அம்மாவுக்கு அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை. தோட்டக்கலை அதிகாரியாக மாற்றலாகி வந்தவரின் மனைவிதான் ஹெலன் டீச்சர். பிறந்தது நாமக்கல் என்றாலும், சென்னையின் பெரிய தேவாலயங்களில் சுவர் உயரத்துக்குக் குழாய்கள் நிற்கும் ஆர்கனில் கச்சேரி செய்து பேர் வாங்கியவர், வெளிநாடுகளுக்கும் போய் வாசித்தவர். அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமைதோறும் எங்கள் நாலு பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். யாராவது மிதியைப் போட்டு உதைத்தால், "அதுக்கும் மூச்சு வாங்குமல்ல கண்ணு, மெதுவா" என்பார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அவர் கட்டும் புடவை நிறத்தில் ரிப்பன் கேட்டு அம்மாவின் உயிரை எடுத்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது சென்னையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று வாரத்தில் ஒரு கச்சேரி. நன்றாக அமைந்தால் அங்கேயே ஆசிரியர் வேலை. டீச்சர் அன்றைக்கு அம்மாவிடம், "இந்த நாலு வருசத்துல கை மறந்திருச்சோன்னு பயமா இருக்குதுங்க" என்றார். பயம் என்று சொன்னாலும் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ அவர் போய்விடுவார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பழக முடியாவிட்டால் போகமாட்டார் என்று கணக்குப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை கடைசியாக வாசித்தவள் நான்தான். பல்பைப் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த வாரம் பார்த்து எதிரே வருகிற பஸ்கூடத் தெரியாத பனி. ஞாயிறு ஆராதனைக்குக்கூட யாரும் வரவில்லை, டீச்சரும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்து மிதித்தபோது பாதிக் கட்டைகள் படுத்துவிட்டன. அழுத்திய ஒரு கட்டை எழும்பாமல் ஒரே சுரத்தில் ஊளையிட்டது. அவர் குனிந்து சுவிட்சைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பல்பைப் போட்டாலும் ஊறின மரம் காய வாரக்கணக்காகும். பிறகு ஞாயிறு பள்ளிச் சாக்பீஸை எடுத்துவரச் சொல்லி, முன்வரிசை பெஞ்சின் மேல் கட்டை கட்டையாகக் கோடு போட்டார். பெரிய ஆர்கனில் காலுக்கும் கட்டைகள் உண்டாம். அவற்றைத் தரையில் வரைந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு வாசிக்கத் தொடங்கினார். விரல் நகம் மரத்தில் படுவதும் குதிகால் சிமெண்டில் தட்டுவதும் தவிரச் சத்தமே இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் அவருடைய இசைக்குறிப்புப் புத்தகத்தைப் பக்கம் புரட்டினேன். எங்கே புரட்ட வேண்டும் என்பதை அவர் தலையசைப்பில் தெரிந்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் வாசிக்கும்போது, நம்மால் இப்படியாகிவிட்டதே என்று இருக்கும். சொல்லிவிட நினைத்து வாய் திறப்பேன், வேறு எதையாவது கேட்டுவிட்டு வருவேன்.

கச்சேரி நன்றாக அமைந்தது. இரண்டே மாதத்தில் குடும்பத்தோடு கிளம்பினார்கள். செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தொட்டு, "நான் போனப்புறம் பல்பப் போட மறந்துறாத சாமி. அடுத்து வாசிக்க ஒரு புள்ள வருமல்ல" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ் நகர்ந்துவிட்டது.

டீச்சர் பல வருஷம் சென்னையில் சொல்லிக்கொடுத்தார் என்றும், போன வருஷம் காலமானார் என்றும் அம்மா சொல்லித் தெரிந்தது. நான் இப்போது இருக்கும் சேலத்திலிருந்து ஒருநாள் கிளம்பி மலைக்குப் போனேன். மிதிப்பொட்டி இருந்த இடத்தில் இப்போது மெல்லிய கீபோர்டும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கின்றன. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், தரைக்கு டைல்ஸ். சுவரின் அடியில் பல்புக்கான அந்தப் பழைய பிளக் பாயிண்ட் மட்டும் சுண்ணாம்பு பூசிக் கிடக்கிறது. அதில் எதுவும் செருகியிருக்கவில்லை. குனிந்து சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.