லகானை இழுத்தால்

குத்தாலத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு, மாயவரத்துக்குக் குதிரை வண்டியில் போகிறேன். குத்தகை வயல் விசாரணை. தாலுகா ஆபீசில் கூப்பிடும்போது நான் இல்லையென்றால் வயல் மிராசுதாருக்கே போய்விடும். குதிரையோ மாப்பிள்ளை ஊர்வலம்போல நடக்கிறது.

"கடிவாளத்தை இழுத்து வேகமா ஓட்டுங்க பாய்" என்கிறேன் வண்டிக்காரரிடம்.

"கடிவாளம் அது வாய்க்குள்ள இருக்கிற இரும்புங்க பெரியம்மா. என் கையில இருக்கிற வாரு லகான்."

"எந்த எழவையாவது இழுங்க."

இழுக்கிறார். குதிரை நின்றுவிடுகிறது.

"இழுத்தா நிக்கும். தளர்த்தினாத்தான் ஓடும்" என்கிறார் நிதானமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டு மாட்டுக்கு வாலை முறுக்கினால் போதும். பாடம் கேட்க வேண்டாம்.

குதிரை மறுபடி நகரும்போது பின்னால் ஹாரன் சத்தம். திரும்பினால், காருக்குள் எங்கள் மிராசுதார். குறுகலான வாய்க்கால் கரை ரோடு. நாங்கள் ஒதுங்கினால்தான் அவர் போக முடியும். அவர் போய்ச் சேராமல் தாலுகா ஆபீசில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

"இடது லகானை இழுத்தா ஒதுங்கிடலாம். வழி விடவா?" என்கிறார் பாய்.

"ரெண்டையும் சமமாப் புடிச்சு நடுவுலயே போங்க. இனிமே அவசரமில்ல."